அக்கா, உன் இலையில் இறால்

என் ஆசை அக்கா அஞ்சலைக்கு,

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதியதும் முதுகுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று நீ எனக்கு வைத்த பட்டம் வீண்போகவில்லை. இவை வசந்தியின் பள்ளிக்கூட நோட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த தாள்கள். அவளிடம் கேட்காமல்தான் கிழித்தேன். நாளைக்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, தேயிலை மலையில் வேலை இல்லை. புதன்கிழமை தீபாவளி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உனக்குப் படையல். நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இந்த எட்டு வருஷமும் படையலுக்கு முந்தின வாரம் எனக்குச் சோறு இறங்கியதில்லை. இந்த வருஷம் தூக்கமும் போய்விட்டது.

உயிரோடு இருக்கிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அப்பா அழுகிறார். மாமா கத்துகிறார். லைன் வரிசையில் பக்கத்து வீடுகளில் சொன்னால் திருநீற்றை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீயாவது குறுக்கே பேசாமல் கேட்பாய். உயிரோடு இருந்தபோது அந்தப் பழக்கம் உனக்குக் கிடையாது. இந்தத் தாள் வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிவுமறைவு இல்லை. படையல் வைக்கிற வீடு நம் வீடு மட்டுமா?

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். வசந்திக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. நீ விட்டுப்போனபோது ஒன்றரை வயது, உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் தெரியும். இப்போது பேச்சில் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறாள். உன் படத்தைக் காட்டி அம்மா என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் புருஷனை நான் கட்டிக்கொண்டேன். பிள்ளைக்காக என்று அப்பாவும் மற்றவர்களும் பேசி முடித்தார்கள். நீ இருந்தபோது மாமா என்று கூப்பிட்டேன், இன்றும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. வசந்தி போதும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இதெல்லாம் உனக்குக் கோபமா அக்கா?

கோபம்தான் என்று லைனில் சொல்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறார்கள்.

உன் முதல் படையல் அன்று வசந்திக்கு வாயைச் சுற்றிச் சிவந்தது. குளிர்க்காற்று என்றார்கள். அடுத்த வருஷம் அதே நாளில் கழுத்தெல்லாம் தடிப்பு. தேயிலைச் செடியிலிருந்து கம்பளிப்பூச்சி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று என் சேலையை உதறிப் பார்த்தேன். மூன்றாவது வருஷம் கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. வருஷம் முழுக்க ஒன்றும் இல்லாமல் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு, அம்மாவுக்குப் படைக்கிற நாளில் மட்டும் இப்படி ஆகிறது. பூசாரி அவள் நெற்றியில் திருநீறு போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பெத்தவ பாசம் விடலம்மா. வந்து சாப்புட்டுட்டு, போறப்ப புள்ளையத் தொட்டுட்டுப் போறா."

அதற்குப் பிறகு உன் படத்தை நேராகப் பார்க்க எனக்குப் பயம். சொந்த அக்காவைப் பார்த்துப் பயப்படுகிற தங்கை உலகத்தில் எவளாவது இருப்பாளா? நான் இருக்கிறேன். வசந்தி இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினேன். படையல் முடிகிறவரை அவளை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். எதைச் செய்தாலும் அந்த நாளில் அவளுக்குத் தடித்தது.

போன வருஷம் அது தொடுவதாக இல்லை, தூக்கிக்கொண்டு போவதாகவே இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவள் என் மடியில் வந்து விழுந்தாள். உதடு இரண்டு மடங்கு. முகத்தில் கண் இருக்கிற இடம் தெரியவில்லை. "சின்னம்மா, தொண்டைக்குள்ள யாரோ புடிக்கிறாங்க" என்றாள். மூச்சு விட்டால் விசில் மாதிரி சத்தம் வந்தது.

மாமாவின் தம்பி கணேசன் நல்லவேளையாக விருந்துக்கு வந்திருந்தான். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன், உனக்கு அவனைத் தெரியும். அந்த லோரியில்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூடுபனி. முன்னால் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. உனக்கு இரண்டாவது பிரசவ வலி எடுத்தபோது உன்னையும் அதே ரோட்டில், அதே பனியில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வெளிச்சம் தெரிவதற்கு முன்னாலேயே என் மடியில் நீ கனத்துப் போனாய். அப்போது எனக்குப் பதினேழு வயது. அதே மடியில் உன் மகள் தலை. நான் கத்தினேன் அக்கா. "அஞ்சல, விட்டுரு, புள்ளைய விட்டுரு" என்று உன்னைப் பெயர் சொல்லிக் கத்தினேன். அதற்கு முன் உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. விடிந்தபோது முகம் வாடிய பூசணிப்பூ மாதிரி இருந்தது, ஆனால் அவள் முகமாக இருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் ஒரு வாரம் கழித்து அவளைப் பார்த்தார். பேய் பிசாசு என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அது கெடக்கட்டும்மா. வருசம் பூரா திங்காம, அன்னிக்கு மட்டும் இந்தப் புள்ள என்னா திங்குது? யோசிச்சுப் பாருங்க" என்றார்.

மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது யோசித்தேன். கை பாட்டுக்குக் கிள்ளுகிறது, புத்தி படையல் இலையைச் சுற்றுகிறது. ஆட்டுக்கறி எப்போதாவது தின்கிறாள். கோழி, முட்டை, வடை எல்லாம் உண்டு. கூடை பாதி நிறைந்திருக்கும், அப்போதுதான் உறைத்தது. இறால்.

மலைக்கு மேலே இறால் ஏது? கணேசன் காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிறங்கித் தாப்பா டவுனுக்குப் போகிறவன், தீபாவளிக்கு மட்டும் ஐஸ் போட்ட டின்னில் கொண்டுவருவான். அதுவும் உனக்காக. உனக்கு இறால் என்றால் உயிர். நீ தின்னும்போது உதடு சிவந்து தடித்துவிடும். கழுத்தைச் சொறிந்துகொண்டே "காரம்டி, நல்ல காரம்" என்று அடுத்ததை எடுப்பாய். மிளகாய் போட்டவள் நான். அவ்வளவு காரம் போட்டதில்லையே என்று அப்போதே நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு சரி.

டிரஸரிடம் கேட்டேன், அதுதான் என்றார். மாமாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"உங்க அக்கா வீட்டுக்கு வர்ற நாளு அது. இறாலு என்னா பண்ணும்? நாங்கல்லாம் திங்கல?"

"டிரஸர் சொன்னாரு மாமா. அடுத்த தடவ மூச்சு நின்னுரும்னாரு."

"அவளுக்கு வைக்காம இருக்கச் சொல்றியா? நீயா சொல்ற?"

அந்த "நீயா"வில் என்ன இருந்தது என்று உனக்குப் புரியும். உன் இடத்தில் வந்து உட்கார்ந்தவள், உன் இலையிலும் கை வைக்கிறேன் என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. கடைசி நாள் காலையில் நீ இறால் கேட்டாயாம். "புள்ள பொறக்கட்டும், ஒரு டின்னு நெறைய வாங்கியாறேன்" என்றாராம். பிள்ளையும் தங்கவில்லை, நீயும் தங்கவில்லை. அந்த இறாலை எட்டு வருஷமாக அவர் உன் இலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். வேறு எந்தச் சமையலும் தெரியாத மனுஷன், இறாலை மட்டும் அவரே உரித்து அவரே வதக்குவார். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

எட்டு நாள் சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம். இறால் வீட்டுக்குள் சமைப்பதில்லை. லைனுக்குப் பின்னால் குழாயடியில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. உன் இலைக்கு மட்டும்தான், உயிரோடு இருக்கிறவர்கள் யாருக்கும் கிடையாது. வசந்தி அந்தப் பக்கமே போகக்கூடாது.

இதற்கு மேல் மற்றவர்கள் சாப்பாட்டைக் கேள். அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. சோறு ஒரு கரண்டி, மிச்சத்துக்குக் கோதுமை ரொட்டி, இனிப்பு வாசலோடு நிற்க வேண்டும். ஆனால் போன வருஷம் கம்பளிக்குள் நாலு அதிரசம் வைத்திருந்தார். கேட்டால், "படையல்ல வச்சது ஒண்ணும் செய்யாதும்மா, அதுல சக்கர ஏறாது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். கணேசன் பெண்டாட்டி மெய் லிங், சீனப் பெண், தங்கமானவள். அவள் அம்மாவுக்கு உடம்பு தேற வேண்டும் என்று குவான் யின் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு இந்த வருஷம் முழுக்கக் கவுச்சி தொடுவதில்லை. வெங்காயம் பூண்டுகூட ஆகாது. மாமாவுக்கும் கணேசனுக்கும் ஆட்டுக்கறி இல்லாத தீபாவளி தீபாவளியே இல்லை. ஐந்து வாய்க்கு நாலு சமையல், உன்னையும் சேர்த்து. பந்தியில் உட்காராத நீதான் எல்லோரையும்விட அதிகம் படுத்துகிறாய்.

மெய் லிங்கும் கணேசனும் இன்று காலையில் வந்து முட்டைக்கோசும் பீன்சும் இறக்கிவிட்டுப் போனார்கள். அவளோடு உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு வருஷமாகத் தமிழ்க் குடும்பத்தில் இருக்கிறாள், நன்றாகவே பேசுவாள். நான் புலம்பி முடித்ததும் சொன்னாள்.

"எங்க அப்பா பன்றி எறச்சி இல்லாம சாப்புட மாட்டாரு லா. செத்துட்டாரு. இந்த வருசம் அவருக்கும் சாயூர் காய்கறி, சோயா தவ்வுதான் வச்சேன். வீட்டுல நான் சாப்புடாதது அவருக்கு எப்படிக் குடுக்கறது?"

"கோவிச்சுக்க மாட்டாரா?"

"தெரியாது லா. ஆனா எங்க அம்மாதான உயிரோட இருக்காங்க?"

பீன்சை அலசிவிட்டு அவள் போய்விட்டாள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. உனக்கு வைக்காமல் விட்டு, அதனாலேயே நீ பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டால்? வைத்து, அது அவள் வாய்க்குப் போய்விட்டால்? இரண்டு பக்கமும் வசந்திதான் நிற்கிறாள் அக்கா. உன்னைக் கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன். தொட்டது நீயா?

வசந்தி குழாயடியிலிருந்து வருகிற சத்தம் கேட்கிறது. தாளை மடிக்கிறேன்.

*

இன்று வியாழக்கிழமை. தீபாவளி முடிந்துவிட்டது. மாமா வேலைக்குப் போகவில்லை, வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வசந்தி உள்ளே தூங்குகிறாள். இரண்டு முறை போய் மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் மெய் லிங்குக்குச் சமைத்தேன். அவள் வீட்டிலிருந்து அவளே கொண்டுவந்த சட்டியில் தவ்வும் முட்டைக்கோசும், கறி வாசனை வருவதற்கு முன்னால் முடித்து மூடி வைத்தேன். பிறகு அப்பாவுக்கு ரொட்டி. பிறகுதான் ஆட்டுக்கறி. பின்னால் குழாயடியில் மாமா தனியாக உட்கார்ந்து இறால் உரித்தார். காற்று வீட்டுப் பக்கம் திரும்பியபோதெல்லாம் பின்கதவைச் சாத்தினேன். எத்தனை முறை சாத்தினேன் என்று தெரியாது. வசந்தி முன்வாசலில் மெய் லிங்கோடு கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை எண்ணினேன், மூடியை எண்ணினேன். இந்த முறை எதையும் விடவில்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். புதுச் சேலை, நீலம். மாமா இறால் சட்டியை அவரே கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தார். சூடம் காட்டிவிட்டு, நீ வந்து சாப்பிடுவதற்காக எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு எப்போதும் ஐந்து மணி நேரம். வசந்தி கதவில் காதை வைத்தாள்.

"அம்மா சாப்புடுறாங்களா சின்னம்மா?"

"சாப்புடுறாங்க."

"என்னையப் பாக்க மாட்டாங்களா?"

நான் அவளை இழுத்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். மாமா இலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், எட்டு வருஷமாக, அதற்கு முன்னால் நம் அம்மாவுக்குப் படைத்த காலத்திலிருந்தே தெரியும். தெரிந்ததாலேயே நான் அதை நினைக்கவில்லை. சோறு, கறி, வடை, அதிரசம், இறால், இலையில் இருக்கிற எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகப் பிசைந்து, படையல் வைக்கிறவர் ஆளுக்கு ஓர் உருண்டை கையில் கொடுப்பார். அது சாப்பாடு இல்லை, செத்தவர்கள் கையால் ஊட்டுகிறது என்று கணக்கு. சட்டியையும் கரண்டியையும் பிரித்தவள், உருண்டையை மறந்துவிட்டேன்.

முதல் உருண்டை அப்பாவுக்கு. கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொண்டார். இரண்டாவது கணேசனுக்கு. மூன்றாவது மெய் லிங்குக்கு. அவள் இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் வைத்துக் கும்பிட்டு, மெதுவாகத் திரும்பிக் கணேசன் கையில் வைத்தாள். அவன் வாயில் போட்டுக்கொண்டான். அவள் நேர்த்திக்கடன் எல்லோருக்கும் தெரியும்.

இவள் ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு நொடி யோசித்தேன். கவுச்சி இருக்கிறதே. என்ன கவுச்சி? ஆட்டுக்கறி இருக்கிறது, இறாலும் இருக்கிறது.

நான் நிமிர்ந்தபோது மாமா பிசைந்த கையாலேயே வசந்தியின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "வாடா கண்ணு, அம்மா குடுக்குறா, வாங்கிக்க." அவள் உள்ளங்கையை விரித்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"வேணாம் மாமா!"

"என்னா வேணாம்? இது படையலு. இது ஒண்ணும் செய்யாது."

"இறாலு இருக்கு அதுல."

"அவ அம்மா கையி அது! தள்ளு."

தள்ளவில்லை. நல்ல நாளில், உன் படத்துக்கு முன்னால், புருஷன் கையிலிருந்து அந்த உருண்டையைப் பிடுங்கினேன். கீழே போட்டால் குற்றம். திரும்பி இலையில் வைத்தாலும் குற்றம். என் வாயில் போட்டுக்கொண்டேன். உன் மகளுக்கு நீ கொடுத்ததை நான் தின்றேன் அக்கா. மென்றுகூடப் பார்க்கவில்லை, அப்படியே விழுங்கினேன்.

"அடிப்பாவி" என்றார் அப்பா.

மாமா எழுந்தார். கையை ஓங்கினார். நான் கண்ணை மூடவில்லை. அப்போது வசந்தி, இன்னும் அந்த உள்ளங்கையை விரித்தபடியே கேட்டாள்.

"அம்மா எனக்கு மட்டும் குடுக்கலையா?"

மெய் லிங்தான் முதலில் பார்த்தாள். "அண்ணி, அவ மொகம்" என்றாள்.

வலது கன்னத்தில் சிவப்பாக நான்கு கோடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. தாடைக்குக் கீழே, கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை தடித்தன. இறால் ஒரு துணுக்குகூட அவள் வாய்க்குள் போகவில்லை. மாமாவின் விரல்கள் எங்கே பட்டனவோ அங்கே மட்டும், விரல் விரலாக.

மாமா ஓங்கிய கையை அப்படியே பார்த்தார். விரலிடுக்கில் சிவப்பு மசாலா ஒட்டியிருந்தது. அவள் கன்னத்தைப் பார்த்தார், திரும்பவும் கையைப் பார்த்தார். அந்த முகத்தை நீ போன அன்றுகூட நான் பார்த்ததில்லை.

வசந்தியை முன்வாசல் தண்ணீர்ப் பீப்பாய்க்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சோப்புப் போட்டுக் கன்னம், கழுத்து, கை எல்லாம் கழுவினேன். பனித் தண்ணீர், அவள் கத்தினாள். கத்துகிறாளே, மூச்சு இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். கணேசன் லோரியை வாசலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை ஓடவிட்டான். நான் அவளை மடியில் போட்டு நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விசில் வருகிறதா? லோரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். நிறுத்தினான். அப்புறம் கிளம்பாமல் போய்விடுமோ என்று பயம். "போடு, போடு" என்றேன். பாவம், எத்தனை முறை நிறுத்தினானோ.

விசில் வரவில்லை. தடிப்பு கன்னத்தைத் தாண்டவில்லை. சாயங்காலம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியபோது கோடுகள் வெளிறிப் போயின.

அப்பா சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். "அஞ்சலைக்கும் சின்னதுல இப்படித்தான் ஒதடு தடிக்கும். காரம்னு நெனச்சேன். நானும் காரம்னுதான் நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து யாரும் கேட்காமலே கம்பளிக்குள்ளிருந்து மூன்று அதிரசத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

அவர் சொன்னது எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் உதடு, உன் கழுத்து, உன் சொறிச்சல். உன் கண்ணையும் வாயையும் அவளுக்குக் கொடுத்த மாதிரி இதையும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். தொட்டது நீ இல்லை. எட்டு வருஷமாக உன்னைப் பார்த்துப் பயந்தேன், ஆஸ்பத்திரி வழியில் பெயர் சொல்லித் திட்டினேன். அதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? அந்தக் கடைசிக் காலையில் மாமா இறால் வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் ஒரு நினைப்பு வருகிறது. அதை அவரிடம் நான் சொல்லவே மாட்டேன்.

அன்று ஆட்டுக்கறியை யாரும் தொடவில்லை. இலைக்குப் பக்கத்தில் இருந்த எதில் எந்தக் கை பட்டதோ என்று சந்தேகம். வீட்டில் சந்தேகம் இல்லாத சட்டி ஒன்றுதான் இருந்தது, மெய் லிங்கின் சட்டி. அதிலிருந்த தவ்வையும் முட்டைக்கோசையும் வசந்திக்குப் போட்டாள், பிறகு எங்கள் எல்லோருக்கும் போட்டாள். உப்புக்கூடக் கம்மி. மாமா முதல் வாயை எடுத்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். ஆட்டுக்கறி இல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்த முதல் தீபாவளி இதுதான்.

இப்போது அவருக்குத்தான் பயம். குழாயடிச் சட்டியை அவரே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். சாம்பல் போட்டுக் கையைத் தேய்க்கிறார், சோப்புப் போடுகிறார், மறுபடியும் தேய்க்கிறார். நேற்று காலை வசந்தி புதுச் சட்டையோடு அவர் காலில் விழுந்து எழுந்தபோது, ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கினார், தலையில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். "தொடலாமா?" என்றார். தொடுங்கள் என்றேன். அப்படியும் ஒரு விரலால்தான் தொட்டார்.

வசந்தி கேட்ட கேள்விக்கு நேற்று பதில் சொன்னேன். "ஒங்கம்மா ஒனக்குக் குடுத்தாங்க. ஒனக்கு ஆகாதுன்னு என்கிட்டக் குடுத்து வச்சிருக்காங்க" என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. உன் படத்துக்குக் கீழே போய் வெகுநேரம் நின்றாள்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் நாளைக்குப் பெரியவளாகி யார் வீட்டுக்கோ போவாள். அங்கே எந்தப் பந்தியில், எந்த நல்ல மனசுக்காரர்கள், எதை வாயில் வைப்பார்களோ? அதனால்தான் இந்தத் தாளைப் பத்திரமாக வைக்கப்போகிறேன். அவள் போகும்போது கையில் கொடுப்பேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அடுத்த தீபாவளிக்கு உன் இலையில் இறால் இருக்காது. அதற்கடுத்த வருஷமும் இருக்காது. உன் மகள் எதைச் சாப்பிட முடியுமோ அதுதான் உனக்கும். உருண்டையை நான் பிசைவேன், அவளுக்கு முதலில் கொடுப்பேன். உனக்கு ஆசை அடங்காமல் கோபம் வந்தால் அவளிடம் போகாதே. என்னிடம் வா. என்னைத் தொடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொடு. எனக்குத் தடிக்காது. நான் தின்று பார்த்துவிட்டேன்.

உன் பிள்ளைக்குக் காவல் இருக்கும்,
உன் பயந்தாங்கொள்ளித் தங்கை
சின்னப்பொண்ணு